கோபுரம் குறுகுவது கோபுரத்தாலா, கேமராவாலா?

கேள்வி: ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை 16–35 மி.மீ. லென்ஸில், 16-ல் வைத்து, சுமார் 30 மீட்டர் தள்ளி நின்று எடுத்தேன். கோபுரம் முழுசாக வந்துவிட்டது. ஆனால் பின்பக்கமாக விழப்போவது போலத் தெரிகிறது. லைட்ரூம் மென்பொருளில் சாய்வைத் தானே நிமிர்த்தும் ‘ஆட்டோ’வை அழுத்தினால் மேல்பாகம் அகன்று பெட்டி மாதிரி ஆகிவிடுகிறது. இதை எப்படிச் சரிசெய்வது? லென்ஸை மட்டும் மேலே நகர்த்தக்கூடிய ஷிஃப்ட் லென்ஸ் வாங்கியே ஆகவேண்டுமா?

பதில்: வாங்க வேண்டியதில்லை. முதலில் பழியை வைட் ஆங்கிள் லென்ஸ் மேலிருந்து இறக்கிவிடுவோம். கோடுகள் மேலே போகப் போக நெருங்குவதற்குக் காரணம் லென்ஸ் அல்ல, கேமராவை அண்ணாந்து பிடித்தது. கேமராவுக்குள் படம் பதியும் சென்சார் செங்குத்தாக நின்றால் 16 மி.மீ.யிலும் தூண்கள் தூண்களாகவே நிற்கும். சென்சார் சாய்ந்தால் 50 மி.மீ.யிலும் சாயும், அகன்ற லென்ஸில் அது இன்னும் அப்பட்டமாகத் தெரியும், அவ்வளவுதான்.

அலுவலகக் கட்டடம் என்றால் இதோடு விஷயம் முடிந்தது. ஓரச் சுவர்கள் இரண்டையும் நேராக்கினால் போதும். கோபுரம் அப்படியல்ல, அது கட்டும்போதே குறுகிக்கொண்டு போகிறது. படத்தில் தெரியும் குறுகலில் ஸ்தபதியின் பங்கும் இருக்கிறது, உங்கள் கேமராவின் பங்கும் இருக்கிறது. ‘ஆட்டோ’வுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நிலைகளின் சரிவான விளிம்பையும் சாய்ந்துபோன சுவர் என்று எடுத்துக்கொண்டு நிமிர்த்தப் பார்க்கிறது. உங்களுக்குப் பெட்டி கிடைத்தது அதனால்தான்.

ஆகவே எந்தக் கோடு உண்மையிலேயே செங்குத்து என்பதை நீங்கள்தான் மென்பொருளுக்குக் காட்ட வேண்டும். ராஜகோபுரத்தில் அவை அடியில் இருக்கின்றன. 1987-ல் முடிந்த மேல் நிலைகளுக்குக் கீழே பழைய கல்காரம் (கல்லால் கட்டிய அடிப்பாகம்) நிற்கிறதல்லவா, அதன் அரைத்தூண்களும் வாசலின் நிலைக்கால்களும் நிமிர்ந்தவை. லைட்ரூமில் முதலில் லென்ஸின் வளைவைத் திருத்தும் லென்ஸ் புரொஃபைலை ஆன் செய்யுங்கள், 16 மி.மீ.யில் ஓரக் கோடுகள் கொஞ்சம் வளைந்திருக்கும், வளைந்த கோட்டை வைத்து நிமிர்த்தினால் எல்லாம் தப்பாகும். அப்புறம் டிரான்ஸ்ஃபார்மில் ‘கைடட்’ எடுத்து, இடது கோடி அரைத்தூண் மேல் ஒரு கோடு, வலது கோடி அரைத்தூண் மேல் ஒரு கோடு. கோபுரத்தின் சரிவு விளிம்பைத் தொடவே வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கல்காரம் படத்தின் உயரத்தில் சிறு பங்குதான். குட்டையான கோட்டில் ஒரு மயிரிழை பிசகினாலும் உச்சியில் அது பெரிதாகிவிடும். படத்தை நன்றாக ஜூம் செய்து, தூணின் விளிம்பைப் பிடித்து வரையுங்கள். ஃப்ரேமின் ஓரத்தில் தெருவோர வீட்டின் சுவர் விழுந்திருந்தால் அது இன்னும் நல்லது, கோடு நீளமாகக் கிடைக்கும். விளக்குக் கம்பத்தை நான் நம்புவதில்லை. நம் ஊர்க் கம்பங்கள் அதனதன் இஷ்டத்துக்கு நிற்கின்றன.

திருத்தியது போதுமா, அளவு மீறிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். மலைக்கோட்டை உச்சியிலிருந்து வடக்கே பார்த்து டெலி லென்ஸில் எடுத்த ராஜகோபுரப் படம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். மலைக்கோட்டை ஏறத்தாழ 83 மீட்டர், கோபுரம் 72 மீட்டர் (236 அடி). அதனால் அந்தப் படத்தில் கேமரா அண்ணாந்திருக்காது, தூரமும் சில கிலோமீட்டர். அதில் உச்சி நிலையின் அகலத்தை அடிப்பாகத்தின் அகலத்தால் வகுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் படத்தில் அதே விகிதம் அதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். மேல் நிலைகள் உள்வாங்கிக் கட்டப்பட்டிருப்பதால், கிட்டே நிற்பவருக்கு உச்சி சற்றுத் தள்ளி இருக்கிறது, சிறிதாகத்தான் தெரியும். விகிதம் கூடிவிட்டால் அதிகம் நிமிர்த்திவிட்டீர்கள் என்று அர்த்தம்.

நிமிர்த்திய பிறகு கோபுரம் வழக்கத்தைவிட ஒல்லியாகவோ குட்டையாகவோ பட்டால் உயரம்–அகல விகிதத்தை மாற்றும் ‘ஆஸ்பெக்ட்’ ஸ்லைடரைத் தொடலாம். கண்மதிப்பில் வேண்டாம். படம் எடுக்கும்போதே வாசலை மட்டும் கேமராவை லெவலாக வைத்து ஒன்று எடுத்துக்கொண்டால், அதன் உயரம்–அகல விகிதத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம்.

இவ்வளவு செய்தாலும் 30 மீட்டரில் எடுத்த படம் முழுத் திருப்தி தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கிருந்து உச்சி சுமார் 67 டிகிரி மேலே இருக்கிறது. நிமிர்த்தும்போது மேல்பாகத்தின் பிக்சல்கள் இழுபடும், சுதைச் சிற்பங்கள் மங்கும். அதைவிட, கொடுங்கைகளின் (வெளியே நீண்டு வளைந்த கூரை விளிம்புகளின்) அடிப்பக்கம் தெரிந்துகொண்டே இருக்கும். நின்ற இடம் படத்தில் பதிந்துவிட்டது. எந்த ஸ்லைடரும் உங்களைப் பின்னால் நகர்த்தாது. இப்படிப்பட்ட படத்தை முழுக்க நிமிர்த்துவதைவிட, அண்ணாந்து பார்த்த பார்வையாகவே விட்டுவிடுவது மேல் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்த முறைக்குக் கணக்கு எளிது. ஃபுல் ஃப்ரேம் கேமராவை (சென்சாரின் நீளம் 36 மி.மீ.) நெட்டுவாக்கில், லெவலாகப் பிடித்தால், கேமராவுக்கு மேலே எவ்வளவு உயரம் அடங்கும் தெரியுமா? தூரத்தை 18-ஆல் பெருக்கி, குவியத்தூரத்தால் (லென்ஸின் மி.மீ. எண்ணால்) வகுங்கள். கேமரா இருக்கும் உயரத்தைக் கழித்துப் பார்த்தால், 16 மி.மீ. என்றால் ராஜகோபுரத்துக்கு 63 மீட்டர் பின்னால் போக வேண்டும், 24 மி.மீ. என்றால் 94 மீட்டர். கலசத்துக்கு மேலே வானம் வேண்டுமென்றால் இன்னும் சில அடி.

லெவலாகப் பிடித்தால் படத்தின் கீழ்ப்பாதி முழுக்கச் சாலையும் ஆட்டோவும்தான் இருக்கும். இருக்கட்டும், வெட்டிவிடுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் கோபுரத்துக்கு மட்டும் ஏறக்குறைய 3000 பிக்சல் உயரம் மிஞ்சும். 300 டிபிஐ-யில் 10 அங்குல அச்சுக்கு அது போதும்.

ஷிஃப்ட் லென்ஸ் செய்வதும் இதே வேலைதான், ஆனால் சென்சாரை வீணாக்காமல். கேமராவை லெவலாகவே விட்டு லென்ஸை மட்டும் மேலே நகர்த்துகிறோம். கேனானின் 17, 24 மி.மீ. டிஎஸ்-இ லென்ஸ்களும் நிக்கானின் 19 மி.மீ. பிசி லென்ஸும் 12 மி.மீ. வரை நகரும். 24 மி.மீ.யில் அவ்வளவு நகர்த்தினால் 94 மீட்டர் 56 ஆகச் சுருங்கும். கட்டடப் படங்கள் உங்கள் தொழில் என்றால் வாங்குங்கள். வருஷத்துக்கு ஒரு கோவில் என்றால், கிடைக்கும் ஊரில் ஒருநாள் வாடகைக்கு எடுத்தால் போதும்.

பின்னால் போக வழியே இல்லாமல் அண்ணாந்துதான் எடுக்க வேண்டுமென்றால், ஃப்ரேமில் தாராளமாக இடம் விடுங்கள். நிமிர்த்தும்போது படத்தின் கீழ்ப்பக்கம் இருபுறமும் சுருங்கும், அங்கே வெட்டு விழும். மேலே கலசங்கள் ஃப்ரேமை விட்டு வெளியே போகும். ‘ஸ்கேல்’ ஸ்லைடரைக் குறைத்தால் கலசங்கள் திரும்பி வரும். கீழ் ஓரத்தில் நீங்கள் விடாத இடம் எங்கிருந்தும் வராது.

வாசல் தெற்குப் பார்த்தது என்பதையும் மனதில் வையுங்கள். சித்திரை முதல் ஆவணித் தொடக்கம் வரை உச்சிவேளையில் சூரியன் வடக்கே போய்விடும், முகப்பு நிழலில் கிடக்கும், கோடு போட வேண்டிய அரைத்தூண்களே சரியாகத் தெரியாது. மார்கழி, தை மாதங்களில் காலை ஒன்பது மணி வாக்கில் போனால் ஒவ்வொரு தூணின் விளிம்பும் தனித்தனியாகத் தெரியும்.