சம்ப்புக்குள் பாசித் தோட்டம்: கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் ரெஃபியூஜியம் (தொட்டிக்குக் கீழே இருக்கும் சம்ப் எனும் வடிகட்டித் தொட்டியில் பாசி வளர்க்கும் இடம்) பற்றிக் கேட்ட கேள்விகள் இவை. நாம் இருப்பது கடற்கரையில் இல்லை. தொட்டி கெட்டுப்போனால் வாளியில் புதுக் கடல்நீர் மொண்டு வர வழியில்லை. அதனால் பாசியை வைத்தே தண்ணீரைக் காப்பாற்றத் தெரிந்திருப்பது நமக்கு ரொம்ப முக்கியம்.

அண்ணே, கீட்டோ (நூல்பந்து மாதிரி வளரும் பச்சைக் கடற்பாசி) நன்றாக வளர்ந்து சம்ப்பையே அடைத்துவிட்டது. ஆனாலும் நைட்ரேட் இறங்கவே மாட்டேன் என்கிறதே?

வெட்டி எடுக்காததால்தான். தீனியிலிருந்து வரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசியின் உடம்புக்குள் போய்ச் சேர்கின்றன, அவ்வளவுதான். அந்தப் பாசி தொட்டியை விட்டு வெளியே போனால்தான் அவையும் போகும். செம்பனைக் குலை மாதிரிதான் இதுவும். பழுத்ததை நேரத்துக்கு வெட்டாவிட்டால் உதிர்ந்து அங்கேயே அழுகும்.

கையை விட்டு அந்தப் பந்தைப் பிரித்துப் பாருங்கள். வெளியே கரும்பச்சையாக, தொட்டால் முறுக்கென்று இருக்கும். உள்ளே போகப் போக வெளிறி, கொழகொழவென்று, பழுப்புத் தூசி அப்பியிருக்கும். வெளிச்சம் படாத அந்த நடுப்பகுதிதான் சேர்த்து வைத்ததையெல்லாம் திரும்பத் தண்ணீரிலேயே விடுகிறது. அதைப் பிய்த்து எறியுங்கள். அப்புறம் ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடுங்கள். எடுத்ததைத் தொட்டித் தண்ணீர் உள்ள வாளியில் நன்றாக உதறினால் கோப்பிபோட் போன்ற சிறு உயிர்கள் வாளியில் விழும். அவற்றைத் திரும்ப விட்டுவிடலாம். மீனுக்கு அது நல்ல தீனி.

விளக்கை எப்போது போட வேண்டும்?

மேல் தொட்டியில் விளக்கு அணைந்த பிறகு. இரவில் மீன்களும் பவளங்களும் விடும் கரியமிலவாயுவால் பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) இறங்கும். அந்த நேரத்தில் கீழே பாசிக்கு வெளிச்சம் கிடைத்தால் அது அந்த வாயுவை இழுத்துக்கொள்ளும், பிஎச் அதிகம் ஆடாது. பத்து, பன்னிரண்டு மணி நேரம் போதும்.

அண்ணா, என் தொட்டியில் காலர்ப்பா எனும் பாசி ஒரே ராத்திரியில் வெள்ளையாகிவிட்டது, தண்ணீரும் கலங்கிவிட்டது. விஷம் ஏதும் விழுந்திருக்குமா?

விஷம் விழவில்லை தங்கச்சி. அது இனப்பெருக்கம் செய்திருக்கிறது. காலர்ப்பாவின் தண்டு, இலை, வேர் மாதிரித் தெரிவது எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு செல். நடுவில் சுவரே கிடையாது. நேரம் வந்ததும் உள்ளே இருப்பது மொத்தத்தையும் தண்ணீரில் கொட்டிவிட்டு வெறும் தோலாக நின்றுவிடும். அதோடு தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். மீனைக் கொல்வது அதுதான்.

இப்போதே ஏர் பம்ப்பைப் போடுங்கள், ஸ்கிம்மரை (நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவி) ஓட விடுங்கள். வெளுத்ததை அள்ளிவிட்டு, தண்ணீரைச் சுத்தம் செய்யும் கார்பன் வைத்து, கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள். இனிமேல் அடிக்கடி குறைத்து வாருங்கள். கத்தரியால் கண்டபடி நறுக்க வேண்டாம். ஓடும் தண்டை முழுசாக உருவி எடுங்கள், அறுந்த இடத்திலெல்லாம் சாறு கசியும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் காலர்ப்பா வேண்டாம், கீட்டோவே போதும் என்பேன். மீனுக்கும் கொடுக்க வேண்டுமென்றால் கிராசிலேரியா எனும் சிவப்புப் பாசியை வையுங்கள். டாங் மீன்கள் விரும்பித் தின்னும்.

நைட்ரேட் சுழியம் காட்டுகிறது, கீட்டோ வெளுக்கிறது. தோட்டத்து யூரியாவில் ஒரு சிட்டிகை போடலாமா?

வேண்டவே வேண்டாம். யூரியா உடைந்து அம்மோனியாவாகும். கடல்நீரின் பிஎச்சில், நம் ஊர் வெயிலில், அது மீனுக்கு இன்னும் கடுமையான நஞ்சு. செம்பனைக்குப் போடும் கலப்பு உரங்கள் சிலவற்றில் செம்பும் இருக்கும். இறாலும் நத்தையும் செம்பைத் தாங்காது.

பாசிக்குப் பசி, அதுதான் காரணம். தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள், பாசி விளக்கு எரியும் நேரத்தைக் குறையுங்கள். நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் பாசியும் வளரும், பவளமும் நன்றாக இருக்கும். இரண்டும் சுழியத்திலேயே கிடந்தால் டைனோ எனும் பழுப்புச் சளி மணலை மூட வாய்ப்பு அதிகம். நைட்ரேட் சரியாக இருந்தும் நிறம் மங்கினால் இரும்புச் சத்தைச் சந்தேகப்படுங்கள்.

மத்தியானத்தில் தண்ணீர் 31 டிகிரிக்குப் போகிறது. பாசி தாங்குமா? ஃபேன் வைத்தால் தண்ணீர் வற்றுகிறது, மழைத்தண்ணீர் ஊற்றலாமா?

கீட்டோவுக்கு 24 முதல் 28 வரை சுகம். 31 என்றால் திணறும், பவளம் அதற்கு முன்பே வெளுக்கும். சம்ப்பின் மேல் ஃபேன் வைத்தது நல்ல வேலை. உப்பு ஆவியாகாது என்பதால் வற்றிய அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் கூடாது. ஆனால் லயத்துக் கூரையில் வழிந்த மழைத்தண்ணீர் வேண்டாம். தகரத்தின் துத்தநாகமும், பக்கத்துக் காட்டில் அடித்த களைக்கொல்லியும் அதில் கலந்திருக்கலாம். களையைக் கொல்லும் மருந்து பாசியை மட்டும் விட்டுவைக்குமா? ஆர்ஓ தண்ணீர் வாங்கி ஊற்றுங்கள்.

அறுத்த பாசியை என்ன செய்வது? லுமுட் போகும்போது கடலில் விடலாம் என்கிறார்கள்.

தயவுசெய்து விடாதீர்கள். 1984இல் மொனாக்கோ கடலோரத்தில் சிறு திட்டாகத் தெரிந்த காலர்ப்பா டாக்ஸிஃபோலியா, மத்தியதரைக் கடலின் அடித்தளத்தில் எத்தனையோ இடங்களை மூடிவிட்டது. மீன்தொட்டிக்காக வளர்த்த வகை அது. நீங்கள் அறுத்ததை நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பை அலசி, வெயிலில் மொறுமொறுவென்று காயவிட்டு, வாழைக்கு அடியில் போடுங்கள். நண்பருக்குக் கொடுப்பதென்றால் ஒரு கைப்பிடி போதும், அதிலிருந்தே அவர் தொட்டியில் வளர்த்துக்கொள்ளலாம். கொடுப்பதற்கு முன் அதில் ஐப்டேசியா எனும் தொல்லைதரும் சிறு கடல் அனிமோன் ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள்.