அட்லஸைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய பயணப் புத்தகங்கள்

கேள்வி இதுதான்: சாகசப் பயணம் கிளம்பத் தூண்டும் புத்தகங்களும் வரைபடங்களும் எவை? அவற்றைப் படித்துவிட்டு நீங்கள் நிஜமாகவே கிளம்பியிருக்கிறீர்களா?

கிளம்பியிருக்கிறேன். ஆனால் வெறும் புத்தகம் மட்டும் படித்துக்கொண்டிருந்த காலத்தில் இல்லை. பல வருடம் பயண நூல்களாகத் தேடித் தேடிப் படித்தேன், ஒரு பையைக்கூட எடுத்துக் கட்டவில்லை. படிக்கும்போதே பக்கத்தில் வரைபடத்தை விரித்து வைத்து, எழுதியவர் போன வழியை விரலால் தொடர்ந்து போகும் பழக்கம் வந்த பிறகுதான் கால் வீட்டில் தங்க மறுத்தது. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

என் பட்டியலில் முதல் பெயர் டெர்வ்லா மர்ஃபி. அயர்லாந்துக்காரர். பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு பழைய அட்லஸும் பரிசாகக் கிடைத்தன. சில நாளில் ஒரு மேட்டில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தபோது, இப்படியே மிதித்துக்கொண்டு போனால் இந்தியாவுக்கே போய்விடலாமே என்று அந்தக் குழந்தைக்குத் தோன்றியிருக்கிறது. அது 1941. அவர் கிளம்பியது 1963 ஜனவரியில். நடுவில் 21 வருடம். உடம்பு முடியாத அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காக 14 வயதிலேயே பள்ளிப் படிப்பை நிறுத்தியவர் அவர். அந்தப் பயணத்தை ‘ஃபுல் டில்ட்’ என்ற பெயரில் 1965இல் புத்தகமாக எழுதினார். எனக்கு அதில் பிடித்தது அவர் செய்துகொண்ட ஏற்பாடுகள். ஆசியாவின் கரடுமுரடான சாலைகளுக்குத் தாங்காது என்று சைக்கிளில் இருந்த கியரைக் கழற்றிவிட்டார். மாற்று டயர்களை வழியில் இருக்கும் ஊர்களுக்கு முன்கூட்டியே அனுப்பி வைத்தார். எந்த ஊரில் டயர் தேயும் என்று யோசிக்க வேண்டுமென்றால் வரைபடத்தை எத்தனை முறை பார்த்திருக்க வேண்டும்! 21 வருடம் ஆறாமல் இருந்த ஆசைக்குப் பின்னால் அந்தப் பழைய அட்லஸ் இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்து, அண்டார்டிகாவுக்குக் கப்பலில் கிளம்பிய ஷேக்கிள்டன் எழுதிய ‘சவுத்’ (1919). கப்பல் பனியில் நசுங்கி மூழ்கிய கதை பலருக்கும் தெரியும். எலிஃபன்ட் தீவிலிருந்து ஆறு பேர் சுமார் ஏழு மீட்டர் நீளமுள்ள படகில் கிட்டத்தட்ட 1,500 கிலோமீட்டர் கடலைக் கடந்து தெற்கு ஜார்ஜியா தீவை அடைந்ததும் தெரிந்திருக்கும். என்னைப் பிடித்துக்கொண்டது அதற்குப் பிறகு வரும் பகுதி. அவர்கள் கரை ஒதுங்கியது தீவின் ஒரு பக்கம். ஆட்கள் இருந்த திமிங்கில வேட்டை நிலையங்கள் மறுபக்கம். கையிலிருந்த வரைபடத்தில் கடற்கரை மட்டும்தான் வரையப்பட்டிருந்தது, உள்ளே முழுக்க வெற்றிடம். அதுவரை யாரும் அந்த மலைகளைக் குறுக்கே கடந்ததில்லை. 1916 மே மாதம் ஷேக்கிள்டனும் இன்னும் இரண்டு பேரும் பூட்ஸில் படகின் திருகாணிகளைப் பதித்துக்கொண்டு, ஒரு கயிற்றோடு அந்த வெற்றிடத்துக்குள் நடந்தார்கள். வழியில் கீழே உறைந்த ஏரி ஒன்று தெரிவதாக நினைத்து இறங்கினார்கள். வெளிச்சம் வந்ததும் பார்த்தால் அது ஏரியே இல்லை, எதிர்க்கரையின் விரிகுடா! இறங்கியதை எல்லாம் திரும்ப ஏற வேண்டியிருந்தது. மொத்தம் 36 மணி நேரம். தீவின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே இந்த அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். இறங்கின தூரத்தைத் திரும்ப ஏறுவது என்றால் என்ன என்று உங்கள் முழங்காலுக்கே தெரியும்.

கடல் பிடித்தவர்களுக்கு ஜோஷுவா ஸ்லோகம். 1895இலிருந்து 1898 வரை தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்த முதல் மனிதர். செயின்ட் ஹெலினா தீவில் அவருக்கு ஓர் ஆட்டைக் கொடுத்து அனுப்பினார்கள். அது மேற்கிந்தியத் தீவுகளின் கடல் வரைபடத்தையே தின்றுவிட்டது. அதன் பிறகும் அவர் ஊர் போய்ச் சேர்ந்தார். தோர் ஹேயர்டாலின் ‘கோன்-டிக்கி’யும் நல்ல புத்தகம். 1947இல் பால்சா மரத் தெப்பத்தில் ஆறு பேர், 101 நாள், பெருவிலிருந்து பாலினேசியா வரை. ஒரே மூச்சில் படித்து முடிக்கலாம்.

தமிழில் தொடங்க வேண்டுமென்றால் ஏ.கே. செட்டியார்தான். ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்றே புத்தகம் எழுதியவர். காந்தி ஆவணப்படத்துக்காகப் படச்சுருள் தேடி 1930களின் இறுதியில் நாடு நாடாக அலைந்தார், 1940இல் படம் வெளிவந்தது. மலையேற்றமோ கடல்புயலோ அவர் எழுத்தில் முக்கியமில்லை. ஒரு வேலையை முடித்தே தீருவது என்று கிளம்பி, தெரியாத ஊரில் தெரியாத மனிதர்களின் கதவைத் தட்டுவதும் சாகசம்தான் என்பது அவரைப் படித்தால் புரியும்.

அப்புறம் வரைபடங்கள். சுவரில் மாட்டும் உலக வரைபடம் ஆசையைக் கிளப்பும், ஆனால் தூரத்தை அதில் நம்பாதீர்கள். மெர்கேட்டர் 1569இல் உருவாக்கிய முறையில் வரைந்த படத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா கிட்டத்தட்ட 14 மடங்கு பெரியது. அந்தப் படம் கப்பலோட்டிகளுக்குத் திசை காட்டுவதற்காக வரையப்பட்டது.

நடக்கப் போகிறவர் வாங்க வேண்டியது காண்டூர் கோடுகள், அதாவது சம உயரக் கோடுகள் போட்ட 1:50,000 அளவு வரைபடம். அதில் இரண்டு சென்டிமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர். நான் முதல் முறை போன மலைப்பாதையில் தூரத்தை மட்டும் அளந்தேன். எட்டு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டேன். கோடுகள் சீப்பால் வாரிய முடி மாதிரி நெருங்கிக் கிடந்ததைப் பார்த்தும் அது எவ்வளவு செங்குத்து என்று உறைக்கவில்லை. போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆனது. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன ஒரு எளிய கணக்கு இருக்கிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். ஓய்வு நேரம் அதில் சேராது. இன்றைக்கும் அதை வைத்துத்தான் தொடங்குகிறேன்.

அன்று இன்னொன்றும் நடந்தது. பாதி வழியில் மூடுபனி இறங்கியது. வரைபடத்தை எடுத்தால், பாதை இரண்டாகப் பிரியும் இடம் சரியாக மடிப்பில் விழுந்து, காகிதம் தேய்ந்து வெள்ளையாக இருந்தது. ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். பார்க்க ஒன்றும் இல்லை, இடப்பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வரைபடத்தில் ஓடை எங்கே என்று தேடினேன். காண்டூர் கோடுகள் ஓடையைக் கடக்கும் இடத்தில் ‘வி’ எழுத்துப் போல வளையும், கூர்முனை மேட்டைப் பார்த்து இருக்கும். அந்த ‘வி’க்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு வந்து, காம்பஸை வைத்துப் படத்தைத் திருப்பி, நான் இருக்கும் இடத்தைப் பிடித்தேன். அந்தப் பத்து நிமிடம் எந்தப் புத்தகமும் எனக்குத் தராத ஒன்று. அதன் பிறகு மடிப்பு விழும் இடத்தை முக்கியமான பாதையிலிருந்து தள்ளியே வைக்கிறேன், படத்தை நீர் புகாத உறைக்குள் போட்டுக்கொள்கிறேன்.

போனில் மேப் இருக்கிறதே என்று கேட்பீர்கள். சரி, நானும் வைத்திருக்கிறேன், முன்கூட்டியே டவுன்லோடும் செய்துகொள்கிறேன். ஆனால் எந்த வரைபடத்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. நியூ கலிடோனியா அருகே ‘சாண்டி தீவு’ என்ற ஒன்று நூறு வருடத்துக்கு மேல் வரைபடங்களில் இருந்தது, கூகுள் மேப்பிலும் இருந்தது. 2012இல் ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் ஒன்று அங்கே போய்ப் பார்த்தபோது ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வெறும் கடல்தான் இருந்தது.

கடைசியாக நைன் சிங் ராவத். வரைபடத்துக்காகத் தூரத்தை ரகசியமாக அளக்க, 1865இல் யாத்திரீகர் வேடத்தில் திபெத்துக்குள் நடந்தவர். ஒவ்வோர் அடியும் ஒரே நீளத்தில் விழும்படி காலைப் பழக்கிக்கொண்டார். ஜெபமாலையில் 108 மணிக்குப் பதில் 100 மணி, நூறு அடிக்கு ஒரு மணி தள்ளினால் கணக்கு சரியாக இருக்கும். குறிப்புகளைப் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் ஒளித்து வைத்தார். லாசாவின் உயரத்தைத் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையை வைத்துக் கண்டுபிடித்தார். வரைபடத்தில் ஒரு சின்னக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மாலை எனக்கு ஞாபகம் வரும்.

இப்போது என் மேசையில் ஒரு வரைபடம் விரித்தபடியே கிடக்கிறது. இரண்டு மலைமுகடுகளுக்கு நடுவே பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன், 11 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம். நெய்ஸ்மித் கணக்குப்படி நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நான் ஆறு என்று எழுதி வைத்திருக்கிறேன்.