அம்மாவை எந்த உளவியலாளரிடம் அழைத்துச் செல்வது?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறியபோது தம்பி எங்களைவிட்டுப் பிரிந்தான். இன்றுவரை தகவல் இல்லை. அம்மா இரவில் உறங்குவதில்லை. நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லிப் பெருமூச்சு விடுகிறார். இருதயத்தில் குறையில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மருத்துவ உளவியலாளர் ஒருவரைப் பற்றிய குறிப்பில் 'முதுதத்துவமாணி. மனவடு, மனச்சோர்வு, இழவிரக்கம் ஆகியவற்றில் சிறப்புத் தேர்ச்சி. ஆய்வு ஈடுபாடு: போருக்குப் பின்னரான குடும்பங்கள்' என்று இருக்கிறது. அவரிடம் அழைத்துச் செல்லலாமா?
– வாசகி, தருமபுரம்

பதில்: அழைத்துச் செல்லலாம். ஆனால் அந்தக் குறிப்பின் ஒவ்வொரு சொல்லும் உங்கள் அம்மாவுக்கு என்ன பொருள் தரும் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உளவியலில் இளமாணிப் பட்டம் மட்டும் சிகிச்சை அளிக்கப் போதாது. மேற்பார்வையின் கீழ் நோயாளரைப் பார்த்துப் பெற்ற பயிற்சியும் வேண்டும். மருத்துவ உளவியலில் முதுதத்துவமாணி (எம்.பில்.) படிப்பு அந்தப் பயிற்சியையும் உள்ளடக்கியது; அவருடைய பட்டம் அந்தத் துறையிலா என்று கேளுங்கள். இலங்கை மருத்துவ சபையில் பதிவு உண்டா என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

சிறப்புத் தேர்ச்சி என்ற வரியில்தான் நீங்கள் நின்று கவனிக்க வேண்டும். மனவடுவும் இழவிரக்கமும் ஒன்றல்ல. ஷெல் விழுந்த கணம் இன்றும் கண்முன் நடப்பதுபோல் திரும்பத் திரும்ப வந்து ஒருவரை உலுக்குவது மனவடு. இறந்தவரை எண்ணி ஏங்கும் துயரம் காலம் கடந்தும் தணியாமல் அன்றாட வாழ்வை முடக்குவது நீடித்த இழவிரக்கம். உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறைப்படுத்திய நோய் வகைப்பாட்டில் இந்த நீடித்த இழவிரக்கத்துக்குத் தனி இடம் உண்டு என்றாலும், அதன் வரையறை ஒரு மரணத்திலிருந்தே தொடங்குகிறது. உங்கள் அம்மாவுக்கு எந்த மரணமும் அறிவிக்கப்படவில்லை. எட்டுச்செலவு, அந்தியேட்டி என்ற ஈமச்சடங்குகளும் இல்லை. மகன் வருவான் என்று சோறு எடுத்துவைப்பதும், வராமல் போய்விட்டானோ என்று நடுங்குவதும் ஒரே நெஞ்சுக்குள் நடக்கின்றன. இத்தகைய உறுதிப்படாத இழப்பைப் பற்றி அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் 1970களிலிருந்து எழுதிவருகிறார். இதற்கு முடிவு கட்டும்படி குடும்பத்தை வற்புறுத்தக் கூடாது என்பதும், இரண்டு எண்ணங்களையும் சேர்த்துச் சுமந்தபடியே வாழ உதவ வேண்டும் என்பதும் அவர் வலியுறுத்துபவை. ஆகவே அந்த உளவியலாளரிடம், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாருடன் வேலை செய்திருக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். 'மகன் இல்லை என்று ஏற்றுக்கொள்ள வைப்போம்' என்று முதல் நாளிலேயே சொல்பவர் உங்கள் அம்மாவுக்கு உகந்தவர் அல்லர் என்பதே என் உறுதியான கருத்து.

அவருடைய ஆய்வு ஈடுபாட்டையும் சாதாரணமாக எண்ணாதீர்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வடக்கில் ஒரு முகாமில் மனவடுவுக்குள்ளான 31 பிள்ளைகளுடன் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. ஒரு பகுதிப் பிள்ளைகள் தம் வாழ்க்கைக் கதையைப் பிறப்பிலிருந்து வரிசையாகச் சொன்னார்கள். அந்தச் சிகிச்சையில் கயிறொன்றை நீட்டி, நல்ல நினைவுக்குப் பூவும் கொடிய நினைவுக்குக் கல்லும் வைப்பதுண்டு. மற்றவர்கள் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பெற்றார்கள். இரு தரப்புக்கும் 6 அமர்வுகள்தான். ஆறு மாதங்களின் பின் முதல் தரப்பில் 81 வீதமானோரும் இரண்டாம் தரப்பில் 71 வீதமானோரும் நோய்நிலையிலிருந்து மீண்டிருந்தார்கள். எண்ணிக்கை சிறியது, ஆயினும் நம் மண்ணில், நம் மொழியில் என்ன பயன் தருகிறது என்பதை இத்தகைய ஆய்வுகளே காட்டித்தருகின்றன. இதே கேள்விகளில் ஈடுபாடுள்ள ஒருவர், அம்மாவின் பெருமூச்சை நோய் வகைப்பாட்டில் இல்லாத ஒன்றென்று தள்ளிவிடமாட்டார். துயரத்தை உடலின் மொழியில் சொல்லும் நம்மவரின் வழக்கத்தைப் மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் பல ஆண்டுகளாக எழுத்தில் பதிந்திருக்கிறார்கள்.

கேள்வி: மனநல வைத்தியர், மருத்துவ உளவியலாளர், உளவளத்துணையாளர் ஆகியோருக்கிடையே என்ன வேறுபாடு?
– ஆசிரியர், ஒட்டுசுட்டான்

பதில்: மனநல வைத்தியர் மருத்துவம் படித்தவர்; மருந்து எழுதுபவர் அவரே. மருத்துவ உளவியலாளர் மருந்து கொடுப்பதில்லை. நோய்நிலையை மதிப்பிட்டு, பேச்சு, பயிற்சி வழியாகச் சிகிச்சை செய்கிறார். உளவளத்துணையாளர் செவிமடுத்து ஆற்றுப்படுத்துகிறார். நம் கிராமங்களில் முதலில் கதவைத் தட்டுபவர் பெரும்பாலும் அவர்தான் என்பதால் அவருடைய பணி எந்த வகையிலும் தாழ்ந்ததன்று. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் யாருக்கேனும் தோன்றினால் இந்த வேறுபாடுகளை ஆராய்ந்துகொண்டிருக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கமும் இருக்கிறது.

கேள்வி: போருக்குப் பிறகு கேள்விக்கொத்துகளோடு எத்தனையோ பேர் வந்து எழுதிக்கொண்டு போனார்கள். ஆய்வில் ஈடுபாடுள்ள உளவியலாளரிடம் போனால் எங்கள் கதையும் அப்படித்தானே போகும்?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: உங்கள் கசப்பு நியாயமானது. சிகிச்சைக்காகச் சொல்வது வேறு, ஆய்வுக்காகக் கொடுப்பது வேறு. ஆய்வுக்கென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்க வேண்டும். உங்களுக்கு விளங்கும் தமிழில் எல்லாவற்றையும் சொல்லி உங்கள் சம்மதத்தைப் பெற வேண்டும். மறுத்தாலும், இடையில் விலகினாலும் சிகிச்சை ஒரு துளியும் குறையக் கூடாது. அடுத்த முறை எவராவது கேள்விக்கொத்தை நீட்டினால், இதன் முடிவை எங்கள் ஊருக்கு வந்து எப்போது சொல்வீர்கள் என்று கேட்ட பின்னரே கையெழுத்திடுங்கள்.