கவுண்டருக்கு இந்தப் பக்கம் – வாசகர் கேள்விகள்

(தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் 34 ஆண்டுகள் நகைக்கடன், காசாளர் பிரிவுகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெண்மணி பதில் சொல்கிறார்.)

மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் என் கணக்கில் ஏறிய அன்றே வங்கி 590 ரூபாயைப் பிடித்துக்கொண்டது. கேட்டால், ‘மினிமம் பேலன்ஸ் இல்லை’ என்கிறார்கள். அரசு கொடுத்த பணத்தில் கை வைக்க இவர்களுக்கு உரிமை உண்டா அம்மா?
– வாசகி, மணப்பாறை

உங்கள் கடிதத்தைப் படித்ததும் 2023 செப்டம்பர்தான் நினைவுக்கு வந்தது. அந்த மாதம் 15ஆம் தேதி காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கியது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, பல ஊர்களிலிருந்து இதே புகார். பழைய அபராத பாக்கிக்கு அந்த ஆயிரத்தைச் சில வங்கிகள் வரவு வைத்துக்கொண்டன. அப்போதைய மாநில நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, அப்படிப் பிடிக்கக் கூடாது என்று அறிக்கை விட வேண்டியதாயிற்று. இத்தனை நாள் கழித்தும் நீங்கள் இதை எழுத வேண்டியிருப்பதுதான் எனக்கு வேதனையாக இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கிளைக்குப் போய், ‘என் கணக்கை அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றுங்கள்’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தக் கணக்குக்கு மினிமம் பேலன்ஸ் கிடையாது. எந்த வங்கியும் அதைத் தர மறுக்க முடியாது. பிடித்த 590 ரூபாயைத் திருப்பித் தரவும் அதே தாளில் கேளுங்கள். நகலில் சீலும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். 30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் புகார் அனுப்பலாம். கட்டணம் இல்லை. எப்படி அனுப்புவது என்று 14448க்குப் போன் செய்தால் சொல்வார்கள்.

ஒரு கணக்கையும் உங்களிடம் சொல்ல வேண்டும். 2023-24ல் மட்டும் பொதுத்துறை வங்கிகள் மினிமம் பேலன்ஸ் அபராதமாக வசூலித்தது 2,331 கோடி ரூபாய். நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன எண். கணக்கில் பணம் இருப்பவர் இந்த அபராதத்தைக் கட்டுவதில்லை. இல்லாதவர்தான் கட்டுகிறார், இல்லாததற்காக. ஸ்டேட் வங்கி 2020லேயே இதைக் கைவிட்டது. கனரா, இந்தியன், பஞ்சாப் நேஷனல் வங்கிகள் 2025ல் விட்டன. விட்ட வங்கி எதுவும் மூழ்கிவிடவில்லை. அப்படியானால் இத்தனை வருடம் எதற்காகப் பிடித்தார்கள்? நான் வேலையில் இருந்தபோது இதைக் கேட்காமல் போனேனே என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

பெரிய கம்பெனிகளுக்கு லட்சக்கணக்கான கோடி தள்ளுபடி என்கிறார்கள். அரசோ, ‘அது தள்ளுபடி இல்லை, ரைட்-ஆஃப்’ என்கிறது. எது உண்மை? என் கல்விக் கடனுக்கு மூன்று தவணை தவறியதும் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டார்கள்.
– கல்லூரி முடித்தவர், பாளையங்கோட்டை

தம்பி, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கோபப்பட வேண்டிய விஷயம் இது. சரியான இடத்தில் கோபப்பட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அரசு சொல்வது பொய்யில்லை. வாராக்கடனை ஏட்டிலிருந்து நீக்குவது வேறு, கடன்காரனை விட்டுவிடுவது வேறு. வராது என்று தெரிந்த கடனைச் சொத்துக் கணக்கில் காட்டிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதால், லாபத்திலிருந்து அதற்கு ஈடு ஒதுக்கிவிட்டு நீக்குகிறார்கள். கடன் வாங்கியவர் கட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது. வழக்கும் தொடரும். இதுவரை சரி.

இனி நடப்பதைப் பாருங்கள். 2014-15 முதல் ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் இப்படி நீக்கியது 14.56 லட்சம் கோடி ரூபாய். அதில் 7.40 லட்சம் கோடிக்கு மேல் பெருந்தொழில், சேவைத் துறைக் கடன்கள். அதே காலத்தில், நீக்கிய கடன்களிலிருந்து திரும்ப வந்தது சுமார் 2.04 லட்சம் கோடி. இதுவும் 2023ல் நாடாளுமன்றத்தில் சொன்னதுதான். ஏழு ரூபாயில் ஒரு ரூபாய் வந்திருக்கிறது. காகிதத்தில் அது தள்ளுபடி இல்லைதான். ஆனால் பணம் வரவில்லையே!

2016ல் வந்த திவால் சட்டத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு வீடியோகான் ஓர் உதாரணம். கடன் கொடுத்தவர்களின் ஏற்கப்பட்ட கோரிக்கை சுமார் 64,838 கோடி. வாங்க முன்வந்தவர் தருவதாகச் சொன்னது 2,962 கோடி. நூறு ரூபாய்க்கு ஐந்து ரூபாய்கூட இல்லை. 2021 ஜூனில் மும்பை நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் இதற்கு அனுமதி கொடுத்தது. கொடுக்கும்போதே, சரக்கு சப்ளை செய்த சிறு ஆட்களுக்கு ஒரு சதவீதம்கூடக் கிடைக்காததைப் பார்த்து, ‘இது முடிவெட்டா, மொட்டையா’ என்ற பொருளில் உத்தரவிலேயே எழுதியது. (கடனில் விட்டுக்கொடுக்கும் பங்கை வங்கிக்காரர்கள் ‘ஹேர்கட்’, அதாவது முடிவெட்டு என்பார்கள்.) அந்த அனுமதியை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022 ஜனவரியில் ரத்து செய்தது. ஆனால் கடன் கொடுத்த வங்கிகளின் குழு அந்தத் தொகைக்கு முதலில் கை தூக்கியது நடந்த விஷயம்தானே.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 1999ஆம் வருடம் தை மாதம் ஞாபகம் வரும். டெல்டாவில் ஒரு சிறிய கிளை. மூன்று பவுன் சங்கிலிக்கு ஏல நோட்டீஸ் போயிருந்தது. அடகு வைத்த அம்மாள் காலை ஒன்பது மணிக்கே வந்து படியில் உட்கார்ந்திருந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து நோட்டுகளை என் முன்னால் வைத்தார். எண்ணினேன். அசலும் வட்டியும் சேர்த்துக் கட்ட வேண்டியதற்கு 640 ரூபாய் குறைந்தது. ‘அறுப்பு பத்து நாளில் முடிஞ்சிடும்மா, நகையை வெச்சுக்கிட்டே இருங்க, ஏலம் மட்டும் போடாதீங்க’ என்று கேட்டார். மேலாளரிடம் போய்ச் சொன்னேன். 640 ரூபாய் வட்டியைக் குறைக்கவோ ஏலத்தைத் தள்ளிவைக்கவோ தனக்கு அதிகாரம் இல்லை என்றார். அவரும் நல்ல மனிதர்தான். மறுநாள் நகை ஏலம் போனது. அதே மாதம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பக்கத்து ஊர் அரிசி ஆலையின் கடனுக்கு முழு வட்டியையும் விட்டுக்கொடுத்து ஒரே தவணையில் முடித்துக்கொள்ள அனுமதி. அந்தக் கடிதத்தைக் கோப்பில் வைத்ததும் நான்தான்.

ஆலைக்காரருக்கு அப்படிச் செய்தது தவறு என்று சொல்ல வரவில்லை. ஆலை மூடினால் அங்கே வேலை பார்க்கும் முப்பது பேர் வீட்டில் அடுப்பு எரியாது. என் கேள்வி வேறு. விட்டுக்கொடுக்க ஒரு வழியும் அதற்கு ஒரு படிவமும் அதில் கையெழுத்துப் போட ஓர் அதிகாரியும் ஆலைக்கு இருந்தார்களே, அந்த அம்மாளுக்கு ஏன் இல்லை? சட்டம் செய்தவர்கள் யாரும் அவரை மனதில் வைத்து எழுதவில்லை. அவ்வளவுதான் காரணம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வேலை இன்னும் கிடைக்கவில்லை என்றால் தவணையைத் தள்ளிவைத்து, காலத்தை நீட்டித்துக் கடனைச் சீரமைக்கக் கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள். வசூலுக்கு வருபவரிடம் வங்கி கொடுத்த அடையாள அட்டையும் அதிகாரக் கடிதமும் கேளுங்கள். மாணவனுக்கும் சமரசம் பேச உரிமை இருக்கிறது. கூச்சப்படாமல் கேளுங்கள்.

நகைக்கடனைத் திருப்பி வைக்க முழுப் பணத்தையும் கட்டச் சொல்கிறார்கள். ஒரு நாளைக்குத் தனியாரிடம் வட்டிக்கு வாங்கிக் கட்டி மீட்டு, மறுநாள் மறுபடி வைக்கிறோம். இதற்கு முடிவே இல்லையா?
– விவசாயி, மன்னார்குடி

அய்யா, அந்த ஒரு நாள் வட்டிக்காக வங்கி வாசலிலேயே ஆட்கள் நின்றதைப் பார்த்தவள் நான். 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வரைவு விதிகளுக்கு நம் மாநிலத்திலிருந்துதான் எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. ஜூனில் இறுதி விதி வந்தபோது நிறைய மாறியிருந்தது. சொந்தச் செலவுக்கு வாங்கும் நகைக்கடனில் இரண்டரை லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம், ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. மொத்தமாகக் கடைசியில் கட்டும் கடனாக இருந்தால், சேர்ந்த வட்டியைக் கட்டிவிட்டுப் புதுப்பிக்க அந்த விதி இடம் தருகிறது. வங்கிகள் இதை நடைமுறைக்குக் கொண்டுவரக் கடைசித் தேதி 2026 ஏப்ரல் 1. உங்கள் கிளையில் இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த 85 என்பது கையில் வாங்கும் பணம் இல்லை. கடைசியில் கட்டப்போகும் வட்டியையும் சேர்த்துத்தான் 85. கணக்குப் போட்டுக்கொண்டு போனால் கவுண்டரில் ஏமாற்றம் இருக்காது. இன்னொன்று, கடனைக் கட்டி முடித்த ஏழு வேலை நாளுக்குள் நகை கைக்கு வர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். நம் ஊர் விவசாயிகள் சத்தம் போட்டதால்தான் விதி இந்த அளவுக்காவது இறங்கி வந்தது என்று நான் நம்புகிறேன்.

மாதம் பத்து சதவீத வட்டி தருகிறோம் என்று எங்கள் தெருவில் ஒருவர் பணம் வாங்குகிறார். போடலாமா?
– வாசகர், ஆரணி

வேண்டாம். அதிக வட்டி ஆசை காட்டிய ஆருத்ரா நிறுவன விவகாரத்தில் சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி வாங்கியதாக வழக்கு நடக்கிறது. மாதம் பத்து சதவீதம் நேர்மையாகத் தரும் தொழில் எதையும் என் வேலைக்காலம் முழுவதிலும் நான் பார்த்ததில்லை.

எல்லாக் கட்சியும் பணக்காரன் பக்கம்தான். பிறகு எதற்கு ஓட்டு, எதற்கு இந்தப் பேச்சு?
– பனியன் கம்பெனித் தொழிலாளி, திருப்பூர்

உங்கள் சலிப்பு எனக்குப் புரிகிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. 2015 பட்ஜெட்டில், பணக்காரர்களின் சொத்து மதிப்பின் மீது போட்டுவந்த செல்வ வரியை எடுத்தார்கள். வாரிசுச் சொத்துக்கான வரி 1985லேயே போய்விட்டது. 2019 செப்டம்பர் 20ஆம் தேதி கம்பெனி வரியை 30லிருந்து 22 சதவீதமாகக் குறைத்தார்கள், வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி வருமானம் குறையும் என்று அரசே சொன்னது. நீங்கள் வாங்கும் சோப்புக்கு உங்கள் முதலாளி கட்டும் அதே வரியைத்தான் நீங்களும் கட்டுகிறீர்கள். பொருளாதார அறிஞர் தாமஸ் பிக்கெட்டியும் மற்றவர்களும் 2024ல் வெளியிட்ட ஆய்வுப்படி, 2022-23ல் நாட்டின் சொத்தில் 40 சதவீதம் மேலே உள்ள ஒரு சதவீதம் பேரிடம் இருந்தது. கீழ்ப்பாதி மக்கள் அத்தனை பேரிடமும் சேர்த்து 6.4 சதவீதம்.

கட்சிகளுக்குப் பெயர் வெளியே தெரியாமல் நன்கொடை கொடுக்க ஸ்டேட் வங்கி விற்ற தேர்தல் பத்திரத்தையும் பாருங்கள். 2024 பிப்ரவரி 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. விவரம் கொடுக்க ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. நீதிமன்றம் மறுத்தது, மறுநாளே கொடுத்தார்கள். வங்கி வேலை தெரிந்தவளாக எனக்கு அன்று மிகவும் வெட்கமாக இருந்தது. வெளிவந்த பட்டியலில் அதிகம் வாங்கியது பாஜக. காங்கிரஸும் வாங்கியிருந்தது. இங்கே திமுகவுக்கு 650 கோடிக்கு மேல், அதிமுகவுக்குச் சுமார் ஆறு கோடி. மார்க்சிஸ்ட் கட்சி வாங்க மறுத்தது மட்டுமல்ல, வழக்கும் போட்டது. ஆகவே எல்லோரும் ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள். யார் யாரிடம் எவ்வளவு வாங்கினார்கள் என்று இப்போது பெயரோடு தெரியும். ஓட்டுக் கேட்டு வருபவரை உங்கள் வாசலில் நிறுத்தி அதைக் கேளுங்கள். கம்பெனி வரியைக் குறைத்தபோது அவர் கட்சி நாடாளுமன்றத்தில் என்ன பேசியது என்றும் கேளுங்கள்.

குழு லோன் தவணைக்கு இரவு எட்டு மணிக்கு வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அக்கம்பக்கத்தில் தலைகாட்ட முடியவில்லை.
– வாசகி, விருத்தாசலம்

ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, குழு லோன் போன்ற குறுங்கடன் வசூலுக்குக் காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் உங்களை அழைக்கவே கூடாது. உங்கள் குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி இவர்கள் கடன் கொடுக்கவும் கூடாது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025ல் நம் சட்டமன்றமும் ஒரு சட்டம் நிறைவேற்றியது. அடுத்த முறை வந்தால் செல்போனில் நேரம் தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழுவில் உள்ள எல்லாப் பெண்களும் சேர்ந்தே காவல் நிலையம் போங்கள். தனியாகப் போக வேண்டாம்.

நான் வங்கியில் சேர்ந்து இரண்டு வருடம். டெபாசிட் போட வருகிற வயதானவர்களிடம் இன்சூரன்ஸ் பாலிசி விற்கச் சொல்லி டார்கெட் கொடுக்கிறார்கள். போன வாரம் ஒரு பாட்டியிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். அதை அவர் டெபாசிட் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். தூக்கம் வரவில்லை.
– பெயர், ஊர் வேண்டாம்

தம்பி, அந்த 640 ரூபாயை நான் இன்னும் மறக்கவில்லை. என்னால் அன்று ஒன்றும் செய்ய முடியவில்லை. உங்களால் முடியும். பாலிசி கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கலாம். சிறு செலவுகளை மட்டும்தான் கழிப்பார்கள். பாட்டி வீட்டு முகவரி உங்கள் கோப்பிலேயே இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை போய், அது டெபாசிட் இல்லை என்று சொல்லி, ரத்து செய்யும் கடிதத்தை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். டார்கெட் குறைந்ததற்காக யாராவது உங்களை மிரட்டினால் எனக்கு எழுதுங்கள்.