அங்கே உனக்கு என்ன வேலை?

வணக்கம் மேடம்.

பள்ளி நாட்களில் சென்னை ஸ்பென்சர் பிளாசா மாலில் சுற்றியதைப் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்தேன். நான் கோவையில் இருக்கிறேன், சொந்த ஊர் உடுமலைப் பக்கம். எங்கள் அம்மணிக்கு 14 வயது. சனிக்கிழமை ஆனால் தோழிகளோடு புரூக்ஃபீல்ட்ஸ் மாலுக்குப் போக வேண்டும் என்கிறாள். மூன்று மணி நேரம் சுற்றுகிறார்கள், ஒரு ஐஸ்கிரீமை நாலு பேர் பங்கு போட்டுச் சாப்பிடுகிறார்கள், வந்துவிடுகிறார்கள். எதுவும் வாங்குவதில்லை. அப்புறம் அங்கே உனக்கு என்ன வேலை என்று கேட்டால் “சும்மாதாம்ப்பா” என்கிறாள்.

என் சின்ன வயதில் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டால் போதும். அக்கா தேடிக்கொண்டு வந்து கரையில் நின்று கத்தும் வரை ஏற மாட்டோம். தோப்பு இருந்தது, மைதானம் இருந்தது, ஊர் நூலகம் இருந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு ஏசி காற்றையும் கண்ணாடிக் கதவையும் தவிர என்ன ஞாபகம் மிஞ்சும்? பணம் பறிப்பதற்காகவே கட்டிய ஒரு இடத்தை நீங்கள் இத்தனை பாசத்தோடு எழுதுவது எனக்குப் புரியவில்லை.

ஒரு வாசகர், கோவை

*

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்துக்கு நன்றி. கோபத்தில் எழுதியது போல இல்லை, மகளைப் பற்றிய அக்கறையில் எழுதியது தெரிகிறது. அதனால் நானும் மனதில் இருப்பதை முழுசாகச் சொல்கிறேன்.

“அங்கே உனக்கு என்ன வேலை?” இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். எங்கள் வீடு ராயப்பேட்டையில். தெருமுனை டீக்கடைப் பலகையில் என் அண்ணன் உட்கார்ந்திருப்பான், அவனை யாரும் கேட்டதில்லை. நான் பால் வாங்கப் போய் அந்த முனையில் இரண்டு நிமிடம் நின்றால், வழியில் போகிற யாராவது கேட்பார்கள். கடற்கரைக்கு வீட்டோடுதான் போக வேண்டும். மைதானத்தில் கிரிக்கெட், அங்கே நாங்கள் ஓரமாக நடந்து கடந்துவிட வேண்டும். மொட்டை மாடியில்கூடத் துணி எடுக்கப் போனால்தான் நிற்கலாம். ஒரு பெண் பிள்ளை வெளியே நிற்க ஒரு காரணம் கையில் இருக்க வேண்டும்: பால், துணி, டியூஷன், கோயில்.

நூலகம் என்று சொன்னீர்கள். அண்ணா சாலையிலேயே தேவநேயப் பாவாணர் நூலகம் இருந்தது, போயிருக்கிறேன். அதற்கு நான் பட்ட கடன் பெரியது. ஆனால் அங்கே நான்கு சிநேகிதிகள் உட்கார்ந்து பேச முடியாது. பதின்மூன்று வயதில் எங்களுக்குப் படிப்பதைப் போலவே பேசுவதும் அவசரத் தேவையாக இருந்தது.

ஸ்பென்சருக்கு நாங்கள் முதலில் தனியாகப் போனது 1999இல், எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சையின் கடைசி நாள். பரீட்சை பன்னிரண்டரைக்கே முடிந்துவிட்டது. நான்கு பேர். பட்டுலாஸ் ரோடு வழியாக நடந்து மவுண்ட் ரோட்டுக்கு, அதாவது அண்ணா சாலைக்கு, வந்தோம். மே மாதம் இன்னும் பிறக்கவில்லை, ஆனாலும் தார் இளகியிருந்தது. எல்.ஐ.சி. பக்கம் சாலையைக் கடப்பதற்கே பத்து நிமிடம் ஆயிற்று. உள்ளே நுழைந்தவுடன் அந்தக் குளிர் முகத்தில் அடித்தது. வியர்த்த முதுகில் யூனிஃபார்ம் சில்லென்று ஒட்டியது. எங்களில் யார் வீட்டிலும் ஏசி கிடையாது. இன்றைக்கு அது சின்ன விஷயம். அன்றைக்கு எங்களுக்கு அது வேறு ஊருக்கு வந்து இறங்கியது போல இருந்தது.

எஸ்கலேட்டர் பக்கத்தில் எப்போதும் ஒரு சிறு கூட்டம் நிற்கும். ஊரிலிருந்து வந்த குடும்பங்கள். ஆண்கள் ஏறிப் போய் மேலே நின்று கூப்பிடுவார்கள். புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு பெண்கள் கீழே தயங்கி நிற்பார்கள், ஒரு காலை நீட்டுவார்கள், இழுத்துக்கொள்வார்கள். எங்களுக்கும் முதல் தடவை அந்தப் பயம்தான். துப்பட்டா மாட்டிக்கொள்ளும் என்று அம்மா பல தடவை சொல்லியிருந்ததால் அதை இடுப்பில் சுற்றி முடிந்துகொண்டோம். நாலைந்து முறை ஏறி இறங்கியதில் பழகிவிட்டது. அப்புறம் அதுவே எங்கள் வேலை ஆயிற்று. தயங்கி நிற்கும் பாட்டிகளிடம் போய், “கையைக் குடுங்க பாட்டி, நான் சொல்லும்போது காலை வைங்க” என்று சொல்லி மேலே ஏற்றிவிடுவோம். ஒரு பாட்டி மேலே போய்ச் சேர்ந்ததும் என் கன்னத்தை வழித்து நெற்றியில் விரல் நெரித்தார். அந்த நெட்டி முறிந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

எங்கள் ஆயாவுக்கு (பாட்டிக்கு) நாங்கள் அங்கே போவது பிடிக்கவில்லை. “வெள்ளைக்காரன் கடையாச்சே, ஸ்பென்சர்ல நமக்கென்ன வேலை?” என்பார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. 1863இல் தொடங்கிய கம்பெனி அது. 1890களில் கட்டடக் கலைஞர் போக்சன் வரைந்து கொடுத்த அந்தச் சிவப்புக் கட்டடத்தில், துரைமார்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் கடல் கடந்து வந்த சாமான்களை விற்றது. திண்டுக்கல்லில் சுருட்டு செய்து சீமைக்கு அனுப்பியது. பெரிய ரயில் நிலையங்களில் சாப்பாட்டுக் கூடங்கள் நடத்தியது. ஆயா அந்தக் கட்டடத்தைப் பிளாட்பாரத்திலிருந்து பார்த்ததோடு சரி, ஒரு நாளும் படி ஏறியதில்லை. 1983இல் அது எரிந்தபோது புகை எங்கள் மொட்டை மாடிக்குத் தெரிந்ததாம். “எரிஞ்சப்பகூட வாசல்ல போய் நின்னு பாக்கல” என்று சொல்லியிருக்கிறார். வருத்தமா பெருமையா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அந்த மனையில்தான் புதுக் கட்டடம் எழும்பி, தொண்ணூறுகளில் கடைகள் வந்தன. வெளியே பழைய செங்கல் நிறத்தை மட்டும் நினைவுக்கு வைத்துக்கொண்டார்கள். ஆயா ஏறாத படியில் நான் பத்து ரூபாயோடு ஏறினேன். என் பத்து ரூபாயை யாரும் கேட்கவில்லை, என்னை யார் என்றும் கேட்கவில்லை. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஸ்பென்சரின் தனிக் குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்போதைய பெரிய மால்களில் பெரும்பாலும் கடைகளை வாடகைக்குத்தான் விடுகிறார்கள். எந்தக் கடை எங்கே இருக்க வேண்டும் என்பதை ஒரே நிர்வாகம் தீர்மானிக்கிறது. ஸ்பென்சரில் சிறு சிறு கடைகளாகத் தனித்தனி ஆட்களுக்கு விற்றுவிட்டார்கள். அதனால் அது உள்ளுக்குள் ஒரு பஜார். தோல் பை வாசனை வரும் சந்து, அத்தர் வாசனை வரும் சந்து, அடுத்ததில் சட்டைகள், மூலையில் கேசட். கட்டடத்தின் பகுதிகளை ஃபேஸ் என்பார்கள். முதல் ஃபேஸில் நுழைந்து இரண்டாவதில் வெளியே வருவோம். பிறகு ஃபேஸ் த்ரீயும் சேர்ந்ததும் பெரியவர்களுக்கே வழி தவறியது. நாங்கள் மூக்கை வைத்து வழி கண்டுபிடித்தோம். பிற்காலத்தில் அந்த இடம் களை இழந்ததற்கும் இதே அமைப்பு ஒரு காரணம். நூறு முதலாளிகள் சேர்ந்து ஒரு தரையைப் பளபளப்பாக வைத்திருப்பது கஷ்டம். ஆனால் நூறு முதலாளிகள் இருந்ததால்தான் நூறு முகங்கள் எங்களுக்குப் பழக்கமாயின.

அதில் ஒருவர் காஷ்மீர்க்காரர். தொண்ணூறுகளில் அங்கே நிலைமை மோசமாகி, சுற்றுலாப் பயணிகள் வருவது நின்றுபோனதும், பிழைப்புக்காகத் தெற்கே வந்த வியாபாரிகள் பலர். ஸ்பென்சரில் அவர்களுடைய சால்வைக் கடைகளும் கம்பளக் கடைகளும் வரிசையாக இருந்தன. இவர் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் எதையும் வாங்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஒரு நாள் உள்ளே கூப்பிட்டு ஒரு சால்வையை மடியில் விரித்து, இந்தப் பூவுக்கு ஊசி எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது என்று காட்டினார். இதை முடிக்க அவர் ஊரில் ஒருத்தருக்கு எத்தனை மாதம் ஆகும் என்று சொன்னார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார், அங்கேயும் முடிச்சுத் தெரியவில்லை. அவர் தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். “எக்ஸாம் எப்பம்மா?” என்பது அவர் எங்களைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி. எங்கள் வயதில் ஊரில் ஒரு மகள் இருப்பதாக ஒரு முறை சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. காஷ்மீர் என்ற சொல் செய்தியில் வரும்போதெல்லாம் எனக்கு முதலில் அந்த ஸ்டூல்தான் நினைவுக்கு வரும்.

மியூசிக் வேர்ல்டில் ஹெட்ஃபோன் மாட்டிப் பாட்டுக் கேட்கலாம். ஒரு காது எனக்கு, ஒரு காது சிநேகிதிக்கு. பின்னால் ஆள் காத்திருந்தால் விட்டுக்கொடுக்க வேண்டும். லேண்ட்மார்க் புத்தகக் கடை அங்கே வந்தபோது நான் பிளஸ் ஒன்னோ பிளஸ் டூவோ. அலமாரிக்குக் கீழே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு புத்தகத்தை நான்கு சனிக்கிழமைகளில் படித்து முடித்திருக்கிறேன். பக்க எண்ணைக் கையில் எழுதிக்கொண்டு வருவேன். அங்கே வேலை பார்த்த அக்கா ஒருத்தர் என்னைப் பார்த்தும் பார்க்காதது போலத் தாண்டிப் போவார். நான் எழுத வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

இன்னொன்று, இதை ஆண்கள் எழுதுவதில்லை. தாழ்ப்பாள் போடக்கூடிய கழிவறை. மவுண்ட் ரோட்டில் ஒரு பெண் பிள்ளை மூன்று மணி நேரம் வெளியே இருக்க வேண்டுமென்றால் முதலில் இதற்கு வழி வேண்டும். அந்த வயதில், அந்த நாட்களில், வெளியே போவதா வேண்டாமா என்பதை அதுதான் தீர்மானிக்கும். உங்கள் அம்மணி இதை உங்களிடம் சொல்ல மாட்டாள், நானும் என் அப்பாவிடம் சொன்னதில்லை.

சரி, நீங்கள் சொன்ன பணம் பறிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். அதில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொருள் ஆசையைக் கிளப்பத்தான் அங்கே இருக்கிறது. ஒரு ஷூவுக்காக நான் இரண்டு மாதம் வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பாவின் சம்பளம் எனக்குத் தெரியும், தெரிந்தே அப்படி இருந்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அதைவிடப் பெரிய காயம் ஒன்றும் உண்டு. எங்கள் நால்வரில் ஒருத்தியின் அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர். ஸ்பென்சருக்கு வெளியே, வேறொரு பெரிய கடைக்கு ஒரு நாள் போனோம். பெயர் வேண்டாம். திரும்பி வரும்போது வாசலில் அவள் பையை மட்டும் திறக்கச் சொன்னார்கள். நான்கு பேரும் ஒரே யூனிஃபார்ம், ஒரே மாதிரிப் பை. அவள் காலர் மட்டும் தைத்திருந்தது. அவள் பையைத் திறந்து டிபன் பாக்ஸ், ஜியாமெட்ரி பாக்ஸ் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் பேசாமல் நின்றோம். “எங்க பையையும் பாருங்க” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகள் வரவில்லை. அவளிடமும் “உனக்கு இங்கே என்ன வேலை” என்றுதான் கேட்டிருக்கிறார்கள், வாயைத் திறக்காமல். இப்போதும் மால் வாசலில் காவலர்கள் ஒரு குடும்பத்தை மேலும் கீழும் பார்ப்பதைக் கண்டால் நான் நின்றுவிடுகிறேன். பேசவும் பேசுகிறேன்.

ஆகவே மால் நல்லது என்று நான் வாதாடவில்லை. பிள்ளைகள் சும்மா உட்கார, காசு கேட்காத, நிழலும் தண்ணீரும் கழிவறையும் வெளிச்சமும் உள்ள இடத்தை நம் ஊர்கள் கட்டித் தரவில்லை. கட்டியிருந்தால் நாங்கள் அங்கே போயிருப்போம். இல்லாததால் கடைக்காரர்கள் கட்டிய இடத்தில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டோம். 2010இல் எக்ஸ்பிரஸ் அவென்யூ மால் திறந்தபோது, எங்கள் வீட்டுக்கு ஸ்பென்சரைவிட அது பக்கம். பத்திரிகை அலுவலகம் இருந்த அந்தப் பெரிய வளாகத்தின் மதிலை ஒட்டி எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். அதில் ஒரு துண்டைப் பூங்காவாக விட்டிருக்கலாமே என்று அன்றைக்குத் தோன்றியது, இன்றைக்கும் தோன்றுகிறது.

போன மாதம் அந்தச் சிநேகிதியும் நானும் எல்.ஐ.சி. மெட்ரோவில் இறங்கி ஸ்பென்சருக்குப் போனோம். பல கடைகளில் ஷட்டர் இறங்கியிருந்தது. மியூசிக் வேர்ல்டும் இல்லை, லேண்ட்மார்க்கும் இல்லை. காஷ்மீர்க்காரர் கடை இருந்த சந்தைக் கண்டுபிடித்தோம், அந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். விற்கும் பையனிடம் விசாரித்தோம், அவனுக்குத் தெரியவில்லை. எஸ்கலேட்டருக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினோம். அந்தப் பை விஷயத்தை இருபது வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எடுத்தேன். அவள் கேட்டுக்கொண்டாள். “உங்க மூணு பேர் மேல கோவம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன்” என்றாள். அப்புறம் எனக்கும் சேர்த்து ஜூஸ் வாங்கப் போனாள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. அக்கா கரையில் நின்று கத்தும் வரை நீங்கள் தண்ணீரிலிருந்து ஏற மாட்டீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது அக்காவுக்கு என்ன வயது? உங்கள் அம்மணியின் வயதுதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் ஒரு தடவையாவது அந்த வாய்க்காலில் இறங்கினாரா? தோப்பில், மைதானத்தில் அவருக்கு இடம் இருந்ததா? உங்களைக் கூப்பிட்டு வரச் சொன்னதைத் தவிர வேறு எதற்காகவாவது அவர் அந்தக் கரைக்கு வர முடிந்ததா?

அவரிடம் கேட்டுப் பாருங்கள். அம்மணியும் பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்.