கோஷா மாங்ஷோ ஏன் நீர்த்துப் போகிறது?

கேள்வி: கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் அருகே மூன்று ஆண்டுகளாக வசிக்கிறோம். துர்கா பூஜையின் நவமி அன்று, எங்களைத் தங்கள் பிள்ளைகளைப் போல நடத்தும் எதிர்வீட்டு வங்காளிக் குடும்பத்தையும் ஊரிலிருந்து வரும் என் பெற்றோரையும் சேர்த்துப் பத்துப் பேருக்கு என் கையால் கோஷா மாங்ஷோ என்னும் வங்காள மட்டன் கறியைச் சமைத்துப் பரிமாற ஆசைப்படுகிறேன். ஒத்திகையாக ஒரு கிலோ கறியில் செய்து பார்த்தேன். நான்கு தக்காளியும் ஒரு கப் தயிரும் சேர்த்து, குக்கரில் ஆறு விசில் விட்டேன். தயிர் திரிந்தது, குழம்பு நீர்த்துச் சிவப்பாக இருந்தது, கறி நார் நாராகப் பிரிந்தது. பிறகு போட்ட உருளைக்கிழங்கோ அரை மணி நேரமாகியும் நறுக்கென்றே இருந்தது. ஷியாம்பஜாரில் சாப்பிட்டபோது கண்ட கருமையும் வழவழப்பும் எப்படி வரும்?

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. தக்காளி, தயிர், குக்கர் ஆகிய மூன்றும் சேர்ந்து, வதங்க வேண்டிய கறியை வேகவைத்துவிட்டன. கோஷா என்பது ஒரு மசாலாவின் பெயரன்று, ஒரு வேலையின் பெயர். கறியையும் மசாலாவையும் எண்ணெயில் இட்டு, நீர் வற்ற வற்றக் கிளறி, அடியில் பிடிப்பதைச் சுரண்டி மீண்டும் கறியோடு சேர்ப்பதையே வங்காளிகள் 'கோஷானோ' என்கிறார்கள். நாம் 'சுருள வதக்குவது' என்று சொல்வதை ஒன்றரை மணி நேரம் செய்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஷியாம்பஜார் ஐந்துமுனைச் சந்திப்பிலுள்ள கோல்பாரி உணவகத்தில் பரோட்டாவுடன் தரும் கறியின் கருமையும் இந்த வேலையில் பிறப்பதுதான்; மிளகாய்த்தூளை எவ்வளவு கூட்டினாலும் அந்த நிறம் வராது.

முதலில் கறி. வங்காளத்தில் மட்டன் என்றால் வெள்ளாடுதான். கடையில் 'கோச்சி பாட்டா' என்று கேட்டால் இளங்குட்டியின் கறி கிடைக்கும். அது ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கான ஜோல் எனும் நீர்த்த குழம்புக்கு ஏற்றது. நீண்ட நேரம் கிளறும் கோஷாவுக்கு அது தாங்காது. 'ரெவாஜி காசி', அதாவது காயடித்துக் கொழுக்க வளர்த்த கிடாவின் கறியைக் கேளுங்கள். பத்துப் பேருக்கு எலும்போடு 2 கிலோ போதும். தொடையிலும் தோள்பகுதியிலும் பாதிப் பாதியாக, ஒரு துண்டு 60 கிராமுக்குக் குறையாமல் வெட்டச் சொல்லுங்கள். கொஞ்சம் கொழுப்பும் இரண்டு மூன்று நல்லி எலும்புகளும் இருக்கட்டும். தோள்பகுதியில் இணைப்புத் திசு அதிகம். அதிலுள்ள கொலாஜன் மிதமான சூட்டில் மெல்ல மெல்ல ஜெலட்டினாக உருகுவதால்தான் குழம்பு உதட்டில் ஒட்டும் வழவழப்பைப் பெறுகிறது. ஆறு விசிலில் கொலாஜன் உருகியிருக்கும். ஆனால் கறியின் சாறும் வெளியேறியிருக்கும். சாறிழந்த கறிதான் நார் நாராகப் பிரியும். நவமி காலையில் கொல்கத்தாவின் கறிக்கடைகளில் நிற்கும் வரிசையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆகவே, முன்னதாகவே சொல்லிவைத்து விடியற்காலையில் வாங்கிவிடுங்கள். முந்தைய நாளான அஷ்டமியில் பல வீடுகளில் சைவச் சாப்பாடுதான் என்பதால், அன்றிரவே சமைத்து வைப்பதைத் தவிர்ப்பது எதிர்வீட்டாருக்குச் செய்யும் மரியாதையாக இருக்கும்.

தக்காளியை முழுவதும் விட்டுவிடுங்கள். புளிப்புக்குத் தயிர் ஒன்றே போதும். இரண்டும் சேர்ந்தால் நீரும் புளிப்பும் மிகுந்து, கறி வதங்குவதற்குப் பதிலாகக் கொதிக்கும். உங்கள் உருளைக்கிழங்கு வேகாததற்கும் அந்தப் புளிப்பே காரணம், ஏனெனில் காய்கறியின் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் எளிதில் இளகுவதில்லை. நம் கைப்பழக்கத்தில் வந்துவிழும் சோம்பு, தேங்காய், கறிவேப்பிலை ஆகியவையும் இதில் வேண்டாம். வங்காளிக் கரம் மசாலா என்பது ஏலக்காய், கிராம்பு, பட்டை ஆகிய மூன்று மட்டுமே.

2 கிலோ கறிக்கு 300 கிராம் கெட்டித் தயிர், 75 கிராம் இஞ்சியும் 60 கிராம் பூண்டும் அரைத்த விழுது, கால் கிலோ வெங்காயத்தின் விழுது, 2 தேக்கரண்டி மஞ்சள்தூள், 2 மேசைக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூள், தலா ஒரு மேசைக்கரண்டி சீரகத்தூளும் மல்லித்தூளும், 25 கிராம் உப்பு, 2 மேசைக்கரண்டி பச்சைக் கடுகெண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசறி, குளிர்சாதனப் பெட்டியில் நான்கு மணி நேரம் வைத்து, சமைப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள். தயிரை இப்படி முன்கூட்டியே நன்றாக அடித்துக் கறியில் பிசறிவிட்டால் திரிவது பெரும்பாலும் நின்றுவிடும். கொதிக்கும் குழம்பில் குளிர்ந்த தயிரைக் கொட்டினால் அதன் புரதம் சட்டென்று திரண்டு, நீர் தனியே பிரியும்; உங்களுக்கு நேர்ந்தது அதுதான்.

அகன்ற, கனமான இரும்புக் கடாயில் 300 மில்லி கடுகெண்ணெய் ஊற்றி, மெல்லிய புகை எழுந்து நிறம் வெளிறும்வரை காயவைத்து, அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் விடுங்கள். கண்ணை எரிக்கும் அந்த நெடி காய்ந்தால் தணிந்துவிடும். பெற்றோருக்குக் கடுகெண்ணெய் பழக்கமில்லை என்றால் இதைத் தவறாமல் செய்ய வேண்டும். மீண்டும் மிதமான தீ வைத்து 2 தேக்கரண்டி சர்க்கரையைப் போடுங்கள். அது உருகித் தேன் நிறமாகி நுரைக்கும் தருணம் சில நொடிகளே நீடிக்கும். அதற்குள் நான்கு பிரியாணி இலை, நான்கு காய்ந்த மிளகாய், எட்டு ஏலக்காய், எட்டு கிராம்பு, இரண்டு துண்டு பட்டை ஆகியவற்றைப் போட்டு, மெல்லியதாக நறுக்கிய முக்கால் கிலோ வெங்காயத்தையும் சேர்த்துவிட வேண்டும். சர்க்கரை கறுத்துவிட்டால் கசக்கும். தயங்காமல் எண்ணெயை மாற்றிவிடுங்கள். வெங்காயம் ஆழ்ந்த பொன்னிறம் அடைய இருபத்தைந்து நிமிடமாவது ஆகும். இங்கே அவசரப்படுவோர்தான் பிற்பாடு நிறமில்லை என்று வருந்துகிறார்கள்.

இனிக் கறியை இடலாம். தீயைக் கூட்டி, பிசறிய கறியை மசாலாவோடு சேர்த்துப் பத்து நிமிடம் விடாமல் கிளறுங்கள். கறியும் தயிரும் விடும் நீரில் கடாய் முழுவதும் தளதளவென்று கொதிக்கும்; அதைக் கண்டு பயந்து மூடிவிடாதீர்கள். தீயை மிதமாக்கித் திறந்தபடியே விட்டால், ஏறக்குறைய அரை மணி நேரத்தில் ஒலி மாறும். கொதிக்கும் சத்தம் அடங்கி, பொரியும் சடசடப்பு கேட்கத் தொடங்கும். ஓரங்களில் எண்ணெய் கசியும். கரண்டியால் ஒதுக்கினால் அடியில் பழுப்பாக ஒரு படலம் தெரியும். நீர் இருக்கும்வரை கடாயின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நீர் வற்றிய பிறகுதான் கறியும் மசாலாவும் பழுப்பேறும். அந்தப் படலத்தின் மேல் இரண்டு மூன்று மேசைக்கரண்டி வெந்நீர் தெளித்து, மரக்கரண்டியால் சுரண்டி எடுத்துக் கறியோடு பிரட்டுங்கள். நீர் வற்றி மீண்டும் ஒட்டும்போது மீண்டும் தெளியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையாக ஏழெட்டுத் தடவை இப்படிச் செய்தால், ஒவ்வொரு சுற்றிலும் நிறம் ஒரு படி இறங்கி, செங்கல் நிறத்திலிருந்து காப்பிக்கொட்டை நிறத்துக்கு வருவதைக் கண்ணால் காணலாம். குளிர்ந்த நீர் ஊற்றினால் கடாயின் சூடு இறங்கி, பட்ட பாடு வீணாகும். படலம் பழுப்பைத் தாண்டிக் கறுத்துத் தீய்ந்த வாசனை வந்தால் மட்டும் சுரண்டாதீர்கள். கறியை வேறு பாத்திரத்துக்கு மாற்றித் தொடருங்கள்.

இதற்குப் பிறகு ஒன்றரை கப் வெந்நீர் ஊற்றி மூடி, மிகச் சிறிய தீயில் ஒரு மணி நேரம் வையுங்கள். இடையிடையே அடியைத் துழாவிவிடுங்கள். எலும்பின் முனையிலிருந்து கறி விலகி, விரலால் அழுத்தினால் பிளக்க வேண்டும். நேரம் கிடைக்காவிட்டால் இந்தக் கட்டத்தில் மட்டும் குக்கரில் மூன்று விசில் விட்டு, ஆவி தானாக அடங்கிய பின் கடாய்க்கு மாற்றி, திறந்தபடி கால் மணி நேரம் சுண்டவைக்கலாம். கோஷானோவுக்கு முன்பே குக்கரை எடுப்பதைத்தான் நான் ஒப்புக்கொள்வதில்லை. இறுதியில் புதிதாகப் பொடித்த கரம் மசாலா ஒரு தேக்கரண்டியும் நெய் ஒரு மேசைக்கரண்டியும் சேர்த்து இறக்கி, உடனே எவர்சில்வர் பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். தயிர் சேர்ந்த கறி இரும்பிலேயே கிடந்தால் உலோகச் சுவை ஏறும்.

கோஷாவுக்கு உருளைக்கிழங்கு கட்டாயமில்லை. ஆனாலும் அது இல்லாத மட்டனைக் கண்டு முகம் வாடும் வங்காளிகளை நான் பார்த்திருப்பதால், பாதியாக வெட்டிய ஐந்து கிழங்குகளை உப்பு நீரில் முக்கால் பதத்துக்கு வேகவைத்து, கடுகெண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து, கடைசிப் பதினைந்து நிமிடத்தில் சேர்க்கச் சொல்வேன்.

உடன் பரிமாற, வங்காளிகளின் பூரியான லூச்சியே பொருத்தம். மைதாவில் நெய் கலந்து பிசைந்த மாவை, மேலே மாவு தூவாமல் எண்ணெய் தடவித் தேய்த்து, சிவக்கவிடாமல் வெள்ளையாகவே பொரித்தெடுக்க வேண்டும். லூச்சி ஆறினால் தோல்போல இழுக்கும் என்பதால், விருந்தினர் அமர்ந்த பிறகே எண்ணெயைக் காயவையுங்கள். கறி அதற்கு ஒரு மணி நேரம் முன்பே தயாராகியிருப்பது நல்லது. பரிமாறுமுன் இரண்டு மூன்று மேசைக்கரண்டி வெந்நீர் தெளித்து, சிறு தீயில் ஒரு முறை பிரட்டிச் சூடாக்கினால் உறைந்த நெய்யும் கொழுப்பும் மீண்டும் மசாலாவோடு கலந்துவிடும்.