மெல்பர்னில் எந்தப் பகுதியில் குடியேறுவது: மச்சான் ஊரிலா, பள்ளிக்கூட ஊரிலா?

கேள்வி: நாங்கள் கோவை கணபதியில் குடியிருக்கிறோம். எனக்கு வயது 37. பம்ப் கம்பெனியில் டிசைன் என்ஜினியர். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் பரிந்துரைத்த 190 விசா, அதாவது நிரந்தர விசா, கிடைத்துவிட்டது. மெல்பர்னில் டான்டினாங் சவுத் பகுதியில் உள்ள ஒரு தொழிற்சாலையில் வருடம் 95,000 டாலர் சம்பளத்தில் வேலையும் கிடைத்திருக்கிறது. ஜனவரியில் சேர வேண்டும். மனைவி எம்.காம். படித்தவர், வேலை தேடுவார். மகளுக்கு 9 வயது, மகனுக்கு நவம்பரில் 4 நிறைகிறது. டெபாசிட் 38 லட்சம் இருக்கிறது. சூலூர் பக்கம் 2012-ல் வாங்கிய மனையும், கிணத்துக்கடவு அருகே அப்பா எழுதிக் கொடுத்த 2 ஏக்கர் தென்னந்தோப்பும் உண்டு. மனைவியின் அண்ணன் டார்னீட்டில் இருக்கிறார். "எங்க பக்கத்துத் தெருவுலயே இடத்தோட வீடு புக் பண்ணிருங்க, வாடகை தண்டம்" என்கிறார். நண்பர் ஒருவர், குழந்தைகள் படிப்புக்குக் கிளென் வேவர்லிதான் என்கிறார். எங்கே குடிபோகலாம்? உடனே வீடு வாங்கலாமா?

பதில்: முதல் வருடம் வீடு வாங்க வேண்டாம். டார்னீட்டும் வேண்டாம், கிளென் வேவர்லியும் இப்போதைக்கு வேண்டாம். நோபிள் பார்க், ஸ்பிரிங்வேல், டான்டினாங் இந்த மூன்றில் ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வாடகை வீடு பாருங்கள்.

டார்னீட் நகரத்தின் மேற்கில் இருக்கிறது, உங்கள் தொழிற்சாலை தென்கிழக்கில். இடையில் 50 கிலோமீட்டருக்கு மேல். சூலூரில் வேலை வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் குடியிருப்பது போலத்தான். நடுவே முழு ஊரையும் கடக்க வேண்டும். போக வர 110 கி.மீ., மாதம் 21 நாள் என்றால் 2,310 கி.மீ. நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர், லிட்டர் 1.85 டாலர் என்று வைத்தால் பெட்ரோலுக்கு மட்டும் ஏறக்குறைய 340 டாலர். நோபிள் பார்க்கிலிருந்து போனால் 60 டாலர் சுற்றித்தான் வரும். டார்னீட்டில் வாடகை வாரத்துக்கு 60 டாலர் குறைவாகவே கிடைக்கட்டும், மாதம் 260 டாலர் மிச்சம். அதைவிடப் பெட்ரோலில் போவது அதிகம். வெஸ்ட் கேட் பாலத்து நெரிசலில் தினமும் போகிற இரண்டு, இரண்டரை மணி நேரத்தை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ரயிலும் உதவாது. டார்னீட்டில் நிற்பது ஜீலாங் போகும் வெளியூர் ரயில். டான்டினாங் பக்கம் வர வண்டி மாற வேண்டும். டான்டினாங் சவுத் தொழிற்பேட்டையோ ரயிலை விட்டு விலகி இருக்கிறது. காலை 6, 7 மணிக்கு ஷிப்ட் தொடங்கும் இடங்கள் அங்கே நிறைய. கார் இல்லாமல் அந்த வேலை ஓடாது. விக்டோரியாவில் நிரந்தர விசாக்காரர் இந்திய லைசென்ஸில் ஆறு மாதம்தான் ஓட்டலாம். அதற்குள் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் முடித்து மாற்றிவிட வேண்டும்.

மச்சான் வீட்டில் முதல் இரண்டு வாரம் தங்குங்கள். மனத்துக்குத் தெம்பு, செலவும் மிச்சம். வீட்டை மட்டும் அவர் ஊரில் தேடாதீர்கள்.

கிளென் வேவர்லி நல்ல பகுதிதான். அங்குள்ள அரசு உயர்நிலைப் பள்ளியின் எல்லைக்குள் வீடு வேண்டும் என்பதற்காகவே பலர் கூடுதல் வாடகை கொடுக்கிறார்கள். விக்டோரியாவில் அரசுப் பள்ளிக்கு எல்லை உண்டு. உங்கள் நிரந்தர முகவரி எந்த எல்லைக்குள் விழுகிறதோ அந்தப் பள்ளியில் இடம் உறுதி. மாநில அரசின் 'ஃபைண்ட் மை ஸ்கூல்' தளத்தில் வீட்டு முகவரியைத் தட்டினால் தெரிந்துவிடும். தெருவின் இந்தப் பக்கம் ஒரு பள்ளி, எதிர்ப்பக்கம் வேறு பள்ளி என்றும் வரும். அதனால் ஊர்ப் பெயரை நம்பாமல் கதவு எண்ணோடு பாருங்கள். ஆனால் உங்கள் மகள் சேரப்போவது நாலாம் வகுப்பில். உயர்நிலைப் பள்ளி அங்கே ஏழாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. மூன்று வருடம் கழித்துத் தேவைப்படுகிற எல்லைக்கு இன்றிலிருந்தே ஏன் கூடுதல் வாடகை கொடுக்க வேண்டும்? நடுவில் எல்லைக் கோடே மாறலாம். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. எல்லைக் கணக்கு இல்லாமல், தேர்வு வைத்து ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கும் அரசுப் பள்ளிகள் நான்கு. அதில் ஒன்றான நாசல் உயர்நிலைப் பள்ளி தென்கிழக்கில் பெரிக் பகுதியில்தான் இருக்கிறது.

புது வீடுகள் வரிசையாகக் கிடைக்கும் கிளைட் நார்த்தையும் யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். வீடு பெரிதாக இருக்கும், ரயில் நிலையம் கிடையாது. மனைவி வேலைக்குப் போகும் நாளில் இரண்டாவது கார் வாங்க வேண்டும். காருக்கு ரெஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் சேர்த்தால் வாடகையில் மிச்சம் பிடித்தது கரைந்துவிடும். நான் சொன்ன மூன்று இடங்களும் பாக்கனம், கிரான்பர்ன் ரயில்கள் போகும் தடத்தில் இருக்கின்றன. மனைவிக்குக் கிளேட்டனிலோ நகர மையத்திலோ வேலை கிடைத்தால் ரயிலிலேயே போய்வரலாம். ஒரு காரில் குடும்பம் ஓடும். டான்டினாங் ஃபாஸ்டர் தெருவில் நம் மளிகைக் கடைகள் இருக்கின்றன. காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் காரில் பக்கம்.

இனிச் சம்பளத்துக்கு வருவோம். வேலைக் கடிதத்தை எடுத்து, 95,000 என்பது 'சூப்பர்' எனப்படும் ஓய்வூதிய நிதிக்கு வெளியே உள்ள தொகையா, அதையும் சேர்த்த தொகையா என்று முதலில் பாருங்கள். நம் ஊரில் பி.எஃப். எல்லாம் சேர்த்து சி.டி.சி. சொல்வது போலத்தான் இதுவும். வெளியே என்றால் வருமான வரியும் மெடிகேர் லெவி எனப்படும் 2 சதவீத அரசு மருத்துவ வரியும் போக மாதம் ஏறக்குறைய 6,150 டாலர் கைக்கு வரும். 12 சதவீத சூப்பரும் அதற்குள்ளேயே என்றால் அடிப்படைச் சம்பளம் 84,800 ஆகி, கைக்கு வருவது 5,570 சுற்றிதான். மாதம் 580 டாலர் வித்தியாசம்.

அங்கே வாடகையை வாரக் கணக்கில் சொல்வார்கள். பலர் அதை நாலால் பெருக்கி ஏமாறுகிறார்கள். வார வாடகையை 7-ஆல் வகுத்து, 365-ஆல் பெருக்கி, 12-ஆல் வகுக்க வேண்டும். வாரம் 550 டாலர் வீடு என்றால் மாதம் 2,200 அல்ல, 2,390. உங்களுக்கு இதுதான் உச்சவரம்பு. வருடத்துக்கு 28,680 வருகிறது, மொத்தச் சம்பளத்தில் 30 சதவீதம். இதைத் தாண்டினால் ஏஜென்ட் உங்கள் விண்ணப்பத்தைத் தள்ளிவைக்க வாய்ப்பு அதிகம். இங்கே போல ஐந்து மாதம், பத்து மாதம் அட்வான்ஸ் கிடையாது. வார வாடகை 900 டாலருக்கு மேற்படாத வீட்டுக்கு 'பாண்ட்' எனப்படும் காப்புத் தொகை ஒரு மாத வாடகைதான், முன்வாடகையும் ஒரு மாதம்தான். 550 டாலர் வீட்டுக்கு இரண்டும் சேர்த்து 4,780 டாலர். அந்த பாண்ட் பணம் வீட்டுக்காரர் கையில் இருக்காது, மாநிலத்தின் பாண்ட் ஆணையத்தில் கட்டப்படும். வீட்டைப் பார்க்காமல் கோவையிலிருந்தே "பாண்ட் அனுப்பினால் சாவி கூரியரில் வரும்" என்பவருக்கு ஒரு டாலர்கூட அனுப்பாதீர்கள். அது மோசடி.

வாடகை வீடு கிடைப்பதில் புதிதாக வருபவர்களுக்கு உள்ள சிக்கல், அங்கே வாடகை இருந்த வரலாறு இல்லாதது. அதற்கு மாற்றாக வேலைக் கடிதம், விசா, பாஸ்போர்ட், மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், இப்போதைய வீட்டுக்காரரோ மேலதிகாரியோ ஆங்கிலத்தில் எழுதித் தரும் கடிதம், இவற்றை ஒரே கோப்பாக ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நேரில் வீட்டைப் பார்த்த அன்று மாலைக்குள் விண்ணப்பம் போய்விட வேண்டும். குடிபோனதும் வீட்டின் நிலை அறிக்கை ஒன்று தருவார்கள். ஐந்து வேலை நாளுக்குள் திருத்தித் திருப்பிக் கொடுக்க வேண்டும். சுவர்க் கீறல், கார்ப்பெட் கறை எல்லாவற்றையும் படம் எடுத்து அதில் சேர்த்துவிடுங்கள். கார்ப்பெட்டில் மஞ்சள் கறை பட்டால் போவது கடினம். சாப்பாட்டு மேசைக்கு அடியில் பாய் விரித்துவிடுங்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பொதுவாக வீட்டோடு வராது.

ஜனவரியில் நீங்கள் மட்டும் போங்கள் என்பது என் யோசனை. ஜனவரி, பிப்ரவரியில் மாணவர்களும் வந்து இறங்குவதால் வாடகைக்குப் போட்டி அதிகம். மச்சான் வீட்டில் இரண்டு வாரம் இருந்தபின் நோபிள் பார்க் பக்கம் ஒரு அறை எடுத்து, இரண்டு சம்பளச் சீட்டு வாங்கிய பிறகு வீட்டுக்கு விண்ணப்பித்தால் ஏஜென்ட் பேசும் தொனியே மாறும். மகள் இங்கே முழுப் பரீட்சை எழுதிவிட்டு வரட்டும். அங்கே இரண்டாம் பருவம் ஏப்ரல் நடுவில்தான் தொடங்குகிறது. விசா கடிதத்தில் முதல் நுழைவுக்குக் கெடு தேதி போட்டிருக்கும். அது ஏப்ரலுக்கு முன்னால் என்றால் எல்லாரும் அந்தத் தேதிக்குள் போய்த்தான் ஆக வேண்டும். பையன் ஏப்ரல் 30 அன்று 5 வயதை எட்டியிருக்க மாட்டான், அதனால் வரும் வருடம் கிண்டர் எனப்படும் மழலையர் வகுப்புதான். வாரம் 15 மணி நேரம் இலவசமாகக் கொடுக்கும் மையங்கள் இருக்கின்றன. பல இடங்களில் பதிவு அந்தப் பகுதி கவுன்சில் வழியாக நடக்கும், முகவரி உறுதியானதும் அதை முதலில் செய்யுங்கள். மனைவி முழுநேர வேலைக்குப் போனால் மீதி நேரத்துக்குக் குழந்தைக் காப்பகம் வேண்டும். அதற்கான அரசு மானியத்துக்கு நிரந்தர விசாக்காரருக்குக் காத்திருப்புக் காலம் இல்லை.

மச்சான் சொல்லும் 'இடத்தோடு வீடு' திட்டம் தவறு என்று சொல்லமாட்டேன். உங்களுக்கு இப்போது பொருந்தாது. விளம்பர விலையில் வேலி, கார் ஏறும் தளம், தோட்டம், சில சமயம் ஜன்னல் திரைகூட அடங்காது. மேற்கு மெல்பர்ன் எரிமலைப் பாறை படிந்த சமவெளி. அஸ்திவாரம் தோண்டும்போது பாறை வந்தால் 'சைட் காஸ்ட்' என்று தனியாக வசூலிப்பார்கள், ஒப்பந்தத்தில் அதற்கு வரம்பு போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மனைக்குப் பட்டா வருவது இழுத்தால் வாடகையும் கட்டி, கடன் வட்டியும் கட்டுவீர்கள். அதோடு, வேலையின் புரொபேஷன் முடியாமல் பல வங்கிகள் கடன் தரத் தயங்கும். காத்திருப்பதால் சலுகை போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். விக்டோரியாவில் முதல் வீட்டுக்கு 6 லட்சம் டாலர் வரை பத்திர வரி இல்லை, 7.5 லட்சம் வரையிலான புது வீட்டுக்கு 10,000 டாலர் மானியம், மத்திய அரசின் 5 சதவீத முன்பணத் திட்டம் எல்லாம் நிரந்தர விசாக்காரருக்கு உண்டு. இந்தியாவில் உங்களுக்குச் சொத்து இருப்பது இதற்குத் தடையல்ல. ஒரு வருடம் குடியிருந்து பார்த்துவிட்டு, நாரே வாரன், பெரிக் பக்கம் கூட அப்போது பார்க்கலாம்.

பணம் அனுப்புவது: பாண்ட், முன்வாடகைக்கு 4,780, பழைய கார் இன்ஷூரன்ஸோடு 13,000, வீட்டுச் சாமான் 4,000, இரண்டு மாதச் செலவு 6,000, கைக்காவல் 2,000 என்று ஏறக்குறைய 30,000 டாலர் வேண்டும். டாலர் 60 ரூபாய் என்றால் 18 லட்சம். ஒருவர் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை அனுப்பினால் டி.சி.எஸ். எனப்படும் முன்வரிப் பிடித்தம் இல்லை, அதற்கு மேல் உள்ள தொகைக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள். நீங்கள் 9, மனைவி 9 என்று அவரவர் பான் எண்ணில், அவரவர் கணக்கிலிருந்து அனுப்பிவிட்டால் தீர்ந்தது. மீதி 20 லட்சம் இங்கேயே இருக்கட்டும். நீங்கள் போனதும் சேமிப்புக் கணக்குகளை என்.ஆர்.ஓ.வாக, அதாவது வெளிநாட்டில் வசிப்பவருக்கான ரூபாய்க் கணக்காக, மாற்ற வேண்டும். பிறகு ஆடிட்டர் சான்றிதழோடு அதிலிருந்து அனுப்பிக்கொள்ளலாம். சீட்டு ஏதும் கட்டிக்கொண்டிருந்தால் கிளம்பும் முன் முடித்துவிடுங்கள்.

சூலூர் மனையை விற்கும் எண்ணம் இருந்தால் மார்ச் 31-க்குள் கிரயம் முடியட்டும். ஜனவரியில் போனாலும் இந்த நிதியாண்டில் 182 நாளுக்கு மேல் இங்கே இருந்திருப்பதால் வரிக்கு நீங்கள் உள்ளூர்க்காரர்தான். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய மனை என்பதால் 12.5 சதவீத வரி, பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீத வரி இரண்டில் குறைவானதைக் கட்டலாம். என்.ஆர்.ஐ. ஆனபின் இந்தத் தேர்வு இல்லை, வாங்குபவர் பிடிக்கும் டி.டி.எஸ்.ஸும் கூடும். நானாக இருந்தால் வருமானம் தராத மனையை விற்றுவிடுவேன்.

தோப்பை வைத்துக்கொள்ளலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் என்.ஆர்.ஐ. ஆனபின் புதிதாகக் காடு, தோட்டம் விலைக்கு வாங்க முடியாது. விற்றாலும் இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்க முடியும். தேங்காய் வருமானத்துக்கு இங்கே வரி இல்லை. ஆஸ்திரேலியாவில் அதையும் உங்கள் வருமானத்தோடு சேர்த்துக் காட்ட வேண்டும். அதனால் அப்பா லோடு ஏற்றும் ஒவ்வொரு தடவையும் ரசீதும், உரம், கூலிச் செலவும் ஒரு நோட்டில் ஏறட்டும். நீங்கள் அங்கே குடியேறும் நாளின் சந்தை மதிப்புக்கு அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கி வையுங்கள். வழிகாட்டி மதிப்பு இதற்கு உதவாது. பின்னாளில் தோப்பை விற்றால் ஆஸ்திரேலிய அரசு அந்த மதிப்புக்கு மேல் கிடைத்த லாபத்துக்குத்தான் வரி கேட்கும். அறிக்கை இல்லை என்றால் பத்து வருடம் கழித்து அன்றைய விலையை நிரூபிக்க வேண்டிய பாடு உங்களுடையது.